திண்ணைக் காட்சி மேடை நாடகம் மாதிரி தெரிகிறது, என்ன செய்யலாம்?

குடமுருட்டி:
வணக்கம். திருவையாறு பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முக்கியமான காட்சி ஒன்று எடிட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது. சென்னையிலிருந்து வந்த மகன், நிலத்தை விற்க அக்ரிமெண்டில் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்கிறான். அப்பா திண்ணையில் இருக்கிறார், அம்மா உள்ளே. அப்பாவாக நடிப்பவர் ஊர்த் திருவிழாவில் அரிச்சந்திரன் வேஷம் கட்டுகிறவர். நேரில் பார்த்தபோது எங்களுக்கே கண் கலங்கியது. படத்தில் பார்த்தால் இரண்டு பேரும் மாறி மாறி வசனம் ஒப்பிக்கிறார்கள்.

வாசலிலிருந்து எல்லாம் தெரியும்படி ஒரு வைட் ஷாட், ஆளுக்கொரு க்ளோசப். எல்லாம் போனில், மெயின் லென்சில், ட்ரைபாடை நிற்கும் ஆள் உயரத்துக்கு வைத்து எடுத்தது. பின்னணி இசை போட்டுப் பார்த்தோம், இன்னும் மோசம். அப்பா குலுங்கி அழும் டேக் ஒன்று இருக்கிறது, அதைப் போடலாமா என்று குழுவுக்குள் சண்டை. வீட்டுக்காரர் இன்னும் ஒருநாள் காலையில் மட்டும் வீட்டைத் தருகிறேன் என்கிறார்.

எடிட் மேசை:
அந்த அழுகை டேக்கைப் போடாதீர்கள். ஒன்று சொல்லுங்கள், பேசும்போது இருவரும் கையில் என்ன செய்கிறார்கள்?

குடமுருட்டி:
மகன் ஃபைல் வைத்திருக்கிறான். அப்பா சும்மா இருக்கிறார் அண்ணே. பக்கத்தில் அந்த வீட்டு வெற்றிலைச் செல்லம் இருக்கிறது, பித்தளை. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று வைத்தோம்.

எடிட் மேசை:
சரி தம்பி, அதைத் திறக்கச் சொல்லுங்கள். அப்பா இலையை எடுத்துத் தொடையில் துடைக்கட்டும், காம்பைக் கிள்ளட்டும். சுண்ணாம்பை விரலில் எடுத்துத் தடவ ஆரம்பிக்கும்போது மகன் விஷயத்தைச் சொல்லட்டும். விரல் இலையின் நடுவில் ஒரு கணம் நிற்கும். பிறகு மறுபடி தடவுவார். அவருடைய பதில் அவ்வளவுதான், வசனத்தில் பாதியை வெட்டிவிடலாம். இன்னொரு வசதியும் இருக்கிறது: சுண்ணாம்புக் கையால் யாரும் பத்திரத்தை வாங்க மாட்டார்கள். மகன் காகிதத்தை நீட்டியபடி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பது அப்பா கையில்.

மேடையில் நடிப்பவர் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடிப்பார், அது அவர் தொழில். கேமரா இரண்டடியில் இருக்கிறது. “சோகமாக இருங்கள்” என்று சொல்லாதீர்கள். “இலை கிழியாமல் மடியுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். சோவியத் இயக்குநர் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முகபாவத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்டினார். பசி, துக்கம், ஆசை என்று பார்த்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்களாம். உங்கள் படத்தில் அந்த வேலையை நீட்டிய ஃபைல் செய்யும்.

எச்சரிக்கை: டேக் நடக்கும்போது வெற்றிலையை வாயில் போட விடாதீர்கள். வாய் சிவந்துவிட்டால் அடுத்த டேக்கோடு ஒட்டாது. எந்த வார்த்தையில் காம்பு கிள்ளுகிறார், எந்த வார்த்தையில் மடிக்கிறார் என்று ஒருவர் எழுதி வைக்க வேண்டும்.

ரேழி:
நடிப்பு சரி, கேமரா உயரத்தை யாரும் கவனிக்கவில்லையே. உட்கார்ந்திருக்கும் பெரியவரை நிற்கும் ஆள் உயரத்திலிருந்து எடுத்தால் காட்சி முழுக்க அவரைக் குனிந்து பார்க்கிறோம். மகனின் பார்வை அது. ட்ரைபாடை அப்பாவின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். மகன் நிற்கும்வரை அவன் தலை ஃப்ரேமுக்கு வெளியே போகட்டும், இடுப்பும் ஃபைலும் தெரிந்தால் போதும். அவன் திண்ணையில் உட்காரும்போதுதான் முகம் வரும். தரையில் உட்காரும் மனிதர்களை எடுக்க ஜப்பானிய இயக்குநர் ஓசு கேமராவைக் கீழேயே வைத்தார், லென்ஸும் பெரும்பாலும் 50 எம்எம்தான். உங்கள் போனின் மெயின் லென்ஸ் ஏறத்தாழ 24 எம்எம் கோணம், அதைவிட ரொம்ப அகலம், அதோடு முகத்துக்குக் கிட்டே போனால் மூக்கு துருத்தும். தள்ளி நின்று 2எக்ஸ் வையுங்கள்.

அப்புறம் அம்மா. நம் பக்கத்து வீடுகளில் வாசலில் நின்றால் ரேழி (வாசலை அடுத்த நடை), கூடம், முற்றம், கொல்லை என்று ஒரே கோட்டில் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஏன் க்ளோசப்பாக வெட்டுகிறீர்கள்? அப்பா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், நடுவே திறந்த கதவு வழியாக ஆழத்தில் அம்மா முறத்தில் அரிசி புடைக்கட்டும். மகன் கேட்டதும் புடைக்கும் சத்தம் நிற்கட்டும். வசனமே வேண்டாம். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள், போனில் முன்னும் பின்னும் தெளிவாகவே விழும். முழுக் காட்சியையும் இந்த ஒரே ஷாட்டில் எடுங்கள்.

எடிட் மேசை:
ஒரே ஷாட் என்று ரேழி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. அனுபவமில்லாத பையன் நடுவில் தடுமாறினால் எதை வைத்து வெட்டுவது? கை, செல்லம், ஃபைல் மூன்றுக்கும் தனி இன்சர்ட், அதாவது அதை மட்டும் கிட்டத்தில் காட்டும் துண்டு ஷாட், எடுத்து வையுங்கள். பயன்படுத்தாவிட்டால் போகிறது. கேமரா ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும்: தெருவிலிருந்து வைட் எடுத்துவிட்டு இன்சர்ட்டைச் சுவர்ப் பக்கமிருந்து எடுத்தால் அப்பாவும் மகனும் இடம் மாறியது போலத் தெரியும்.

பழைய லைட்மேன்:
வாசல் எந்தப் பக்கம் பார்த்தது?

குடமுருட்டி:
கிழக்கு அண்ணே.

பழைய லைட்மேன்:
அப்படியானால் காலையில் திண்ணையில் வெயில் நேராக அடிக்கும், ரேழி கும்மிருட்டாகிவிடும், அம்மா தெரிய மாட்டார். வீட்டுக்காரரிடம் பேசிச் சாயங்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் திண்ணைக்கு முன்னால் வெள்ளை வேட்டியை உயரக் கட்டுங்கள், முற்றத்து வெளிச்சத்தை தெர்மோகோலில் வாங்கி அம்மா பக்கம் திருப்புங்கள். எக்ஸ்போஷரை லாக் பண்ண மறக்காதீர்கள், இல்லையென்றால் மகன் உட்காரும் நேரம் பார்த்துப் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும்.

குடமுருட்டி:
சாயங்காலம் தருகிறேன் என்றுவிட்டார்! முதலில் ரேழி சொன்ன ஷாட், பிறகு இன்சர்ட். அழுகை டேக் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அரிச்சந்திரனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். வெற்றிலை எவ்வளவு வாங்குவது?

எடிட் மேசை:
ஒரு கவுளியாவது வாங்குங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் புது இலை வேண்டும். ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், வாடிய இலை இன்சர்ட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.