மறு: ‘ஃபிஷிங்’குக்குத் தமிழ் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நாகப்பட்டினம், திங்கள் காலை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இங்கே ஒரு நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஓய்வு பெற்றவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறோம். பாதிப் பேரிடம் இருப்பது மகனோ மகளோ கழித்துவிட்ட பழைய மடிக்கணினி. அவர்களுக்காக ‘வீட்டுக் கணினியைக் காப்பது எப்படி’ என்று இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளி மதியம் அச்சகத்தில் இருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது. ஃபயர்வால் தீயரண், பேக்கப் காப்புநகல். அப்டேட்டுக்கு முதலில் ‘இற்றைப்படுத்தல்’ என்று போட்டேன், வகுப்பில் ஒருவருக்கும் பிடிபடவில்லை, ‘புதுப்பித்தல்’ ஆக்கிவிட்டேன். தஞ்சை ஐயா மன்னிக்கவும்.

மாட்டிக்கொண்டது ஃபிஷிங்கில், அதாவது வங்கிபோல் நடித்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் மோசடியில். போன வாரம் பலகையில் அப்படியே எழுதினேன். முன்வரிசைப் பெரியவர், “தடைக்காலத்தைப் பத்தியா சார்?” என்றார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத ஊர் இது. ஃபிஷிங் என்றால் இங்கே ஒரே பொருள்தான்.

சொல் உட்கார வேண்டிய வாக்கியம்: “வந்திருப்பது ______ என்று சந்தேகம் தோன்றினால் அதிலுள்ள இணைப்பைச் சொடுக்காதீர்கள், வங்கித் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.” கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

சென்னை, திங்கள் மதியம்

தூண்டில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மென்பொருள் தமிழாக்கத்தில் ‘தூண்டிலிடல்’ என்று நாங்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். வினையாகவும் வரும்: தூண்டிலிட்டார்கள், தூண்டிலில் சிக்கினேன். இந்தச் சொல்லில் தனி அழகும் உண்டு. வலைத்தளம், வலைப்பூ என்று ஏற்கெனவே வலைக்குள்தான் குடியிருக்கிறோம்.

ஒரு கூடுதல் செய்தி. ஆங்கிலத்தில் ‘எஃப்’ எழுத்து மாறி ‘பிஹெச்’ வந்ததற்குக் காரணம் தொலைபேசித் திருட்டு. 1970களில் 2600 ஹெர்ட்ஸ் விசில் ஒலியைக் கொடுத்துத் தொலைபேசி இணைப்பகத்தை ஏமாற்றி இலவசமாகப் பேசிய கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட ‘ஃப்ரீக்’ (phreak) என்ற பெயரின் எழுத்து 1990களில் இதற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நாமும் வேண்டுமென்றே பிழைவிட்டு ‘மீண்பிடி’ என்று எழுதலாம். இதைச் சொன்னதும் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் சிரிக்கவில்லை.

தஞ்சாவூர், திங்கள் இரவு

‘மீண்பிடி’யைப் படித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். விளையாட்டுக்குக்கூட வேண்டாம், தம்பி. பத்து வருடம் கழித்து அகராதியில் வந்து உட்காரும்.

தூண்டில் சரிதான். தூண்டு என்னும் வினையடியில் பிறந்த பெயர். ஆசையைத் தூண்டுவதும் அச்சத்தைத் தூண்டுவதும் அந்த அடிக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் வெறும் தூண்டில் என்றால் கோலும் கயிறும்தான் கண்ணுக்கு வரும். ஏமாற்று எங்கே? அதற்கு வள்ளுவர் வழி காட்டியிருக்கிறார். சூது அதிகாரத்தில் (931) ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’. பொன் இங்கே தங்கம் இல்லை. பரிமேலழகர் இரும்பு என்றே உரை சொல்கிறார். இரைக்குள் மறைந்த இரும்பை இரை என்று நம்பி மீன் விழுங்குகிறது. ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும் மடலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? ஆகவே என் பரிந்துரை: தூண்டிற்பொன்.

குறுந்தொகை 54 நினைவுக்கு வராமல் இருக்குமா? தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்துப் பிடித்த மூங்கிலைக் கைவிடுகிறது. அந்த மூங்கில் ‘மீனெறி தூண்டிலின்’, அதாவது தூண்டில்போல, விருட்டென்று நிமிர்கிறது. பாடியவர் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. மீனெறி தூண்டிலார் என்று உவமையையே பெயராக்கிவிட்டார்கள். இந்த ‘எறி’ என்ன எறி என்று ஒரு கேள்வி உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

நாகப்பட்டினம், செவ்வாய் காலை

ஐயா, நன்றி. ஆனால் ‘தூண்டிற்பொன் வந்திருக்கிறது’ என்று அச்சடித்தால் எங்கள் பெரியவர்கள் அட்சய திருதியை விளம்பரம் என்று நினைப்பார்கள்.

கோயம்புத்தூர், செவ்வாய்

எல்லாரும் மடலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அத்தைக்கு மடல் வரவில்லை. 2022இல் ‘இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று ஒரு குறுஞ்செய்தி ஊரெல்லாம் சுற்றியதே, அது வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினார். மறுமுனைக்காரர் பொறுமையாக, மரியாதையாக, “அம்மா, கம்ப்யூட்டரைப் போடுங்க” என்று ஒரு செயலியை நிறுவ வைத்தார். அத்தை கையை எடுத்த பிறகும் திரையில் சுட்டி தானாக நகர்ந்து வங்கித் தளத்தைத் திறந்தது. அவர் செய்த ஒரே நல்ல காரியம், மோடத்தின் வயரைப் பிடுங்கியது. பிறகு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, வங்கிக்கும் சொல்லி, வேறொரு கணினியில் கடவுச்சொல்லை மாற்றினோம். பணம் போகவில்லை. ஆனால் அந்த மடிக்கணினியை அவர் இன்றுவரை திறக்கவில்லை.

ஆகவே சொல் மடலுக்கும் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும். என் கட்சி ‘பார்வை’. சிரிக்காதீர்கள். வேடர் மற்ற விலங்குகளை ஈர்க்கப் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்குக்குச் சங்க காலப் பெயர் அது. ‘பார்வை யாத்த பறைதாள் விளவின்’ என்கிறது பெரும்பாணாற்றுப்படை. போலித் தளம் வேறென்ன செய்கிறது? இனத்தைப் போலவே நின்று இனத்தை அழைக்கிறது.

சென்னை, செவ்வாய்

அருமையான சொல், அக்கா. எல்லாத் தளத்திலும் ‘இதுவரை 1,432 பார்வைகள்’ என்று போட்டிருக்கிறோமே, அதை என்ன செய்ய?

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

இங்கேயும் தூண்டில் என்றால் விளங்கும். அதற்கு ஆதரவு. ஆனால் துண்டறிக்கை வரைவில், கணினிக்குக் கேடு செய்யும் மென்பொருளான மால்வேருக்குத் ‘தீம்பொருள்’ என்று கண்டேன், அதைக் கொஞ்சம் கதைக்க வேண்டும். தீம்பால், தீஞ்சுவை, தீங்கனி, தீந்தமிழ், எல்லாம் இனிப்பு. மெல்லெழுத்து வந்தால் இனிமை. தீமை என்றால் தீச்சொல், தீக்குணம் என்று வல்லெழுத்துத்தான் மிகும். உங்கள் தீம்பொருளைக் கற்கண்டு என்று யாராவது வாயில் போடப் போகிறார்கள்.

தஞ்சாவூர், புதன் காலை

யாழ் அன்பர் சொல்வது இலக்கணப்படி முழுக்கச் சரி. தீப்பொருள் என்றால் தீப்பெட்டிக்கு உறவாகிவிடும். தீநிரல் என்று போட்டுவிடுங்கள், நிரல்தானே அது. ஆனால் ‘தீம்பு’ என்ற சொல் குறும்பு, கேடு என்ற பொருளில் வழக்கில் உண்டே, அது எப்படி வந்தது என்று பார்த்தால்…

(இதற்கு மேல் ஐயா எழுதியதை முழுமையாகப் படித்தேன். குழுவின் பொறுமை கருதித் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ‘எறி’யும் அங்கேதான் இருக்கிறது. – மட்டுறுத்துநர்)

தூத்துக்குடி, புதன்

இந்தக் குழுவில் நான் பெரும்பாலும் வாசிப்பவன்தான். தூண்டிலுக்கு ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

என் அப்பா நாற்பது வருடம் தூண்டில் போட்டவர். கோடு கோடாகக் கயிறு அறுத்த கை. அந்தக் கருவியின் பெயரை எடுத்து, கிழவிகளின் ஓய்வூதியத்தை உருவுகிறவனுக்குக் கொடுக்கிறீர்கள். துண்டறிக்கை போகப் போவதோ ஒரு துறைமுக ஊருக்கு. வகுப்பில் உட்கார்ந்திருப்பவரில் எத்தனை பேர் தூண்டில் போட்டவர்கள் என்று நாகை நண்பர் கேட்டுப் பார்த்தாரா? ஆங்கிலக்காரன் அப்படி வைத்தான் என்பது எனக்குக் காரணமாகாது. அவனாவது எழுத்தை மாற்றி வைத்தான்.

வலைக்கு ஏன் கேட்கவில்லை என்பீர்கள். வலை என்று உலகம் முழுவதையும் இணைப்பதற்குப் பெயர் வைத்தீர்கள். அதில் எங்களுக்குப் பெருமைதான்.

தொழில் முறையிலும் பொருந்தவில்லை. கைத்தூண்டில் ஒரே மீனைப் பார்த்து உட்காருவது. லட்சம் பேருக்கு ஒரே மடலை அனுப்புவது அது இல்லை. நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கில் முள் கட்டி, இரை வைத்து, இரவெல்லாம் கடலில் விட்டு, பிறகு போய் இழுப்பார்களே, அந்த வேலை. எந்த முள்ளில் எது கடிக்கும் என்று போட்டவனுக்கே தெரியாது.

கருவியைப் பழிக்காமல் வஞ்சகத்தைச் சொல்லுங்கள். பொய்யிரை என்று வையுங்கள். மடல், அழைப்பு, குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சென்னை, புதன் இரவு

அண்ணே, மனத்தைப் புண்படுத்த எண்ணமில்லை. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே எங்களுக்கு இரண்டு சொல் கிடைத்துவிட்டது. ஒருவரைக் குறிவைத்து, அவர் பெயர், வேலை எல்லாம் விசாரித்து அனுப்புவது கைத்தூண்டில். ஊருக்கே அனுப்புவது நெடுந்தூண்டில். இந்தப் பிரிவுக்குத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பொய்யிரைக்கு வினை எங்கே? ‘பொய்யிரையிட்டான்’ என்றால் மாட்டுத்தொழுவத்தில் இருப்பது போல இருக்கிறது.

தூத்துக்குடி, புதன் இரவு

மறுப்புச் சொன்னவனிடமே சொல் எடுத்துக்கொண்டீர்கள். சரி.

கோலாலம்பூர், வியாழன் காலை

இதை வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் எதுவானாலும் போகட்டும், இரண்டு விஷயத்தைத் துண்டறிக்கையில் விட்டுவிடாதீர்கள். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்பதற்கு இல்லை. இரண்டாவது, கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் செயலி தானாக நிரப்ப மறுத்தால் அதைத் திட்டாதீர்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் அதற்கு அது வேறு தளம். நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது.

‘புதுப்பித்தல்’ பத்தியில் 2017ஐச் சேர்க்கலாம். மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. பழைய மடிக்கணினி என்கிறீர்களே, விண்டோஸ் 10 என்றால் அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14உடன் வழக்கப்படி முடிந்துவிட்டன. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டுறுத்துநர், வியாழன் இரவு

இதுவரை வந்த கருத்துகளை எண்ணினேன். தூண்டில் சேர்ந்தவை ஏழு, பொய்யிரை மூன்று, பார்வை ஒன்று (எழுதியவர் உள்பட), ‘ஃபிஷிங் என்றே விடுங்கள், ஓடிபியை யார் மொழிபெயர்த்தார்கள்’ ஒன்று. தூண்டிற்பொன்னை ஐயாவே திரும்பப் பெற்றுக்கொண்டார், வருத்தத்துடன்.

நாகப்பட்டினம், சனி மாலை

‘தூண்டில் மடல்’, ‘தூண்டில் அழைப்பு’ என்று அச்சாகிவிட்டது. மால்வேர் தீநிரல் ஆயிற்று.

வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாதிரிக்கு ஒரு மடலைத் திரையில் போட்டேன். தடைக்காலம் பற்றிக் கேட்ட அதே பெரியவர், “தூண்டில்னா சரி, முள் எங்க இருக்கு, காட்டுங்க” என்றார். சுட்டியை இணைப்பின் மேல் கொண்டுபோய், சொடுக்காமல் நிறுத்தினேன். கீழே முகவரி விரிந்தது. தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருந்தது. ‘https://’ போக, முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் பார்த்தால் வேறு யாருடையதோ தளம். “அதான் முள்ளு” என்றார். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் இணைப்பு என்று சொல்லவில்லை. “முள் பார்த்தியா, முள் பார்த்தியா” என்று ஒருவர் திரையை இன்னொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடி நண்பருக்கு: கேட்டேன். பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் தூண்டில் போட்டவர்கள். பெயரைப் பற்றி நான்கு பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர், “வேற பேரே கிடைக்கலையா?” என்றார்.

தூத்துக்குடி, சனி இரவு

முள் நன்றாக இருக்கிறது. தூண்டிலுக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. அந்த ஒருவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.