தேர்தலே நடத்தாத ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டலாமா?

மேட்டுக்காட்டான் (ஆகஸ்ட் 2025)

வணக்கம். திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. 2019 டிசம்பரில் நாங்கள் ஓட்டுப் போட்டு வந்த தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் இந்த ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர் நிர்வாகம். வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தலைவர் இடத்தில் இருக்கிறார், அவர் பொறுப்பில் எங்கள் ஊர் மட்டுமா இருக்கிறது? முதலில் ஆறு மாதம் என்றார்கள். அப்புறம் அதையும் நீட்டிவிட்டார்கள்.

ஆடி பிறந்ததிலிருந்து எங்கள் வீதிக்கு உப்புத் தண்ணீர் வரவில்லை. நல்ல தண்ணீர் எப்போதும் போல வாரம் ஒருமுறை வருகிறது, அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கிறோம். துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட எல்லாம் உப்புத் தண்ணீர்தான். போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. டேங்க் ஆபரேட்டர் ஆள் வைத்துத் தூக்கி, ரீவைண்டிங் கடையில் கொண்டுபோய்ப் போட்டார். வேலை முடிந்து மோட்டார் அந்தக் கடையிலேயே கிடக்கிறது, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தால் எடுத்து வந்துவிடலாம். முன்பெல்லாம் தலைவர் கைக்காசைப் போட்டு எடுத்து வந்துவிட்டு அப்புறம் பில் வைப்பார். ஓட்டுப் போட்டவன் வாசலில் வந்து நிற்பான் என்று அவருக்குத் தெரியும். இப்போது செயலரைக் கேட்டால், "எஸ்டிமேட் போயிருக்கு, அனுமதி வரட்டும்" என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் கையில் என்ன இருக்கிறது?

இந்த நேரத்தில் வீட்டு வரி கேட்டு வந்தார்கள். எங்கள் வீதியில் பலரும், "தேர்தல் நடத்துகிற வரைக்கும் ஒருத்தரும் வரி கட்டக்கூடாது" என்று முடிவு எடுக்கச் சொல்கிறார்கள். என் பங்காளியே முன்னால் நிற்கிறார். அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் வரியை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற பணத்தில் பெரும்பகுதி மேலே இருந்து, இதற்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு வருகிறது. வீட்டு வரி மாதிரியான பணம்தான் எங்கள் ஊரில் பிரிந்து எங்கள் ஊருக்கே செலவாகும். அதையும் நிறுத்திவிட்டு எந்த உரிமையில் போய்க் கணக்குக் கேட்பது?

இதை வாயால் சொன்னால் எடுபடவில்லை. சட்டப்படி வரியை நிறுத்த வழி இருக்கிறதா? ஆகஸ்ட் 15 கிராம சபையில் எதைக் கேட்டால் மழுப்பாமல் பதில் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளகோவில் சிவா

நான் உங்கள் பங்காளி பக்கம். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டமே 243இ பிரிவில் சொல்கிறது. வார்டு மறுவரையறை, நகரத்தோடு இணைப்பு என்று காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் நாம் மட்டும் தேதி தவறாமல் வரி கட்ட வேண்டுமா? 2016-லும் இதே கதைதான். அந்த அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது, அப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. பணம் நின்றால்தான் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும்.

முன்னாள் வார்டு உறுப்பினர்

பணம் நின்றால் உறைப்பது மேலே இருப்பவர்களுக்கு இல்லை தம்பி, டேங்க் ஆபரேட்டருக்கும் தூய்மைக் காவலருக்கும்தான். பத்து வருடம் இதில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். ஊராட்சியில் முதல் கணக்கு என்று ஒன்று உண்டு. வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதி ஆணைய மானியம் எல்லாம் அதில் வரும். மோட்டார், பைப், பல்பு என்று அவசரத்துக்கு எடுப்பது அதிலிருந்துதான். கரண்ட் பில்லுக்குத் தனிக் கணக்கு, திட்டப் பணத்துக்குத் தனிக் கணக்கு.

மேட்டுக்காட்டான் கேட்டதற்கு வருகிறேன். தேர்தல் நடக்கவில்லை என்று வரியை நிறுத்தச் சட்டத்தில் இடம் இல்லை. பாக்கி ஏறிக்கொண்டே போகும், வீட்டுக்கு எந்தச் சான்று கேட்டுப் போனாலும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். அதைவிட முக்கியம், நாளைக்குத் தேர்தல் வந்தால் உங்கள் வீதியில் இருந்து ஒருவர் நிற்க வேண்டாமா? ஊராட்சிக்குப் பாக்கி இல்லை என்று காட்டினால்தான் வேட்புமனு சிக்கல் இல்லாமல் போகும்.

கிராம சபையில் "வரவு செலவு சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மொத்தத் தொகையை மளமளவென்று வாசித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். "படிவம் 30-ஐ வையுங்கள்" என்று கேளுங்கள், ஊராட்சியின் வரவு செலவு விவரம் அதில்தான் இருக்கும். ஏப்ரலில் இருந்து முதல் கணக்கில் எவ்வளவு வந்தது, மோட்டார் பழுதுக்கு எவ்வளவு போனது என்று வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். மத்திய நிதிக்குழுப் பணம் (அந்தக் குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு தரும் மானியம்) செலவானது இ-கிராம் சுவராஜ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் ஊராட்சி வாரியாக இருக்கிறது, வீட்டில் படிக்கிற பிள்ளைகளை விட்டு முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் மக்கள்தொகை என்ன? 501-இல் இருந்து 3,000 வரை என்றால் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் கூட்டமே செல்லாது, அப்புறம் உங்கள் தீர்மானம் எங்கே நிற்கும்?

வடவள்ளிவாசி

நான் கோவை மாநகராட்சி. 2011-இல் எங்கள் பேரூராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தார்கள், அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவன். தேர்தலுக்கும் வரிக்கும் உள்ள தொடர்புக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2018-இல் நகரங்களில் சொத்து வரியை வீடுகளுக்கு 50 சதவீதம், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். அப்போது எந்த மாநகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது. எத்தனையோ மனு போனது, அசையவில்லை. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததும், அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள்.

அப்புறம் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, ஏப்ரலில் மறுபடி ஏற்றினார்கள். வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து ஏறிக்கொண்டே போனது. மத்திய நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரியைத் திருத்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதற்கு ஒரு காரணம். எனக்கு அந்த உயர்வு பிடிக்கவில்லை, ஆனாலும் வார்டு கவுன்சிலர் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, நேரில் போய்க் கேட்க முடிந்தது. தனி அலுவலர் காலத்தில் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. தேர்தல் வேண்டும் என்று கேளுங்கள், அதற்காக வரியைப் பிடித்து வைக்காதீர்கள்.

மேட்டுக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன வேட்புமனு விஷயத்தைப் பங்காளியிடம் சொன்னேன். அவருக்கே நிற்கிற எண்ணம் இருக்கிறது, அதனால் காது கொடுத்துக் கேட்டார். வரி கட்டுவது என்று அநேகமாக எங்கள் வீதி ஒத்துக்கொண்டுவிட்டது. இன்னும் சில பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

சிவா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. நிதிக்குழு மானியமே, தேர்ந்தெடுத்த ஊராட்சி இருந்தால்தான் என்று நிபந்தனை போட்டுத் தருகிறார்கள். 15-ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச்சோடு முடிகிறது. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிய பணம். போன முறை தேர்தல் இல்லாத வருடங்களிலும் மத்திய மானியத்தை நிறுத்தித்தான் வைத்தார்கள். தேர்தலைத் தள்ளிப்போடுவதால் அரசியல்வாதிக்கு என்ன நஷ்டம்? எங்கள் மோட்டாருக்கும் பைப்புக்கும் வர வேண்டிய பணம் அல்லவா நிற்கிறது! சட்டமன்றத் தேர்தல் என்றால் ஊரே இரண்டு மாதம் பேசுகிறது. வாசலில் எரிகிற விளக்கை முடிவு செய்கிற தேர்தல் நடக்கவில்லை என்றால் ஒருவரும் பேசுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

கிராம சபைக்கு இரண்டு தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஒன்று, பழுது முடிந்து கடையில் இருக்கும் மோட்டாருக்கு முதல் கணக்கிலிருந்து பணம் கொடுத்து ஒரு வாரத்துக்குள் பொருத்த வேண்டும். இன்னொன்று, ஊராட்சித் தேர்தல் தேதியை உடனே அறிவிக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்ப. வரி ரசீது நகல்களையும் மனுவோடு இணைக்கிறோம். எங்கள் ஊருக்கு 100 பேர் கணக்குத்தான், மகளிர் குழுவில் பேசியாகிவிட்டது, வந்துவிடுவார்கள்.

அக்கா, ஒரு சந்தேகம். தீர்மான நகலை அன்றைக்கே கேட்டு வாங்க முடியுமா?

முன்னாள் வார்டு உறுப்பினர்

அன்றைக்கே கையில் கிடைப்பது கஷ்டம். கூட்டம் கலைவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நீங்களே வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மகளிர் குழுவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றாளர், அதாவது கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலர், வந்திருப்பார், அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நகல் தர இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.