நான்கு ஆண்டுகள் உருளைக்கிழங்கு நடாத நிலத்தில் முட்டைக்கூடு நூற்புழு எப்படி மிஞ்சியிருக்கிறது?

கேள்வி

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் உருளைக்கிழங்குப் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாகி, நண்பகலில் வாடி, மாலையில் ஓரளவு தெளிந்து, கடைசியில் கோலிக்குண்டு அளவுக் கிழங்குகளையே தந்தது. செடியைக் கெல்லிப் பார்த்தபோது, குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள் வேரில் ஒட்டியிருந்தன. மண் ஆய்வில் அது முட்டைக்கூடு நூற்புழு என்று உறுதியானது. அதன்பின் நான்கு ஆண்டுகள் உருளைக்கிழங்கை அறவே விட்டுவிட்டு முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் ஆகியவற்றையும், ஒரு பருவம் தக்காளியையும் பயிரிட்டோம். இப்போது மண்ணை மறுபடி ஆய்வுக்குக் கொடுத்தால், கூடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முன்பிருந்த அளவிலேயே வந்திருக்கிறது. உணவே இல்லாமல் ஒரு புழு இத்தனை காலம் எப்படி உயிரோடு இருக்கிறது? எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தை நட்டால் தீர்ந்துவிடும் என்கிறார்கள். அதை நம்பி நடலாமா?

பதில் 1 (நூற்புழுவியல் ஆய்வாளர்)

முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும். உங்கள் அறிக்கையில் இருப்பது கூடுகளின் எண்ணிக்கை மட்டுமா, உள்ளே உயிருடன் இருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையும் உண்டா? இரண்டும் ஒன்றல்ல. கூடு என்பது இறந்த பெண் புழுவின் உடல்தான். வேரைத் துளைத்து நுழைந்த இளம்புழு, வேரின் உயிரணுக்கள் பலவற்றை ஒன்றாக இணையச் செய்து, தனக்கென ஓர் ஊட்டத் திசுவை உருவாக்கிக்கொள்கிறது. பெண் புழு அந்த இடத்தைவிட்டு நகராமலே உருண்டையாகப் பருத்து, வேரின் தோலைப் பிளந்து வெளியே தெரிகிறது. ஆண் புழு நூல் வடிவிலேயே வெளியேறி, இணைசேர்ந்து மடிகிறது. பெண் இறந்தபின் அதன் தோல் பழுப்பேறி இறுகி, சில நூறு முட்டைகளைக் காக்கும் பெட்டகமாகிவிடுகிறது. முட்டைகள் தீர்ந்த பிறகும் அந்த வெற்றுக் கூடு ஆண்டுக்கணக்கில் மக்காமல் மண்ணில் கிடக்கும். ஆகவே கூடுகள் குறையவில்லை என்பதை மட்டும் வைத்துப் புழு குறையவில்லை என்று சொல்லிவிட முடியாது.

உணவின்றி வாழ்வது பற்றிக் கேட்டீர்கள். முட்டைக்குள் சுருண்டிருக்கும் இளம்புழு ஏறக்குறைய உறக்கத்தில்தான் இருக்கிறது. அதைச் சூழ்ந்துள்ள திரவத்தில் கலந்திருக்கும் டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, வறட்சியிலும் குளிரிலும் அதைக் காக்கிறது. உருளைக்கிழங்கு வேர் கசியவிடும் சோலனோஎக்லெபின் போன்ற வேதிப்பொருள்கள் மண்ணீரில் கரைந்து முட்டையை எட்டும்போது அதன் ஓடு இளகி, புழு விழித்துக்கொள்கிறது. அந்த அழைப்பு வராத ஆண்டுகளிலும் ஒரு பகுதி தானாகவே பொரிந்து, வேர் கிடைக்காமல் சில வாரங்களில் இறந்துவிடும். இப்படி ஆண்டுதோறும் ஏற்படும் குறைவு பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் தொடக்கத்தில் இருந்த முட்டைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். தொடக்க அளவு மிக அதிகமாக இருந்திருந்தால், அந்த மிச்சமே அடுத்த பயிரைக் கெடுக்கப் போதும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருள்ள முட்டைகள் கிடைத்திருக்கின்றன.

பதில் 2 (உருளைக்கிழங்கு விவசாயி)

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘ஒரு பருவம் தக்காளி’ என்பதுதான் என் கண்ணில் பட்டது. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தப் புழு அவற்றின் வேரிலும் பெருகும். அந்த ஒரு பருவம் மற்ற மூன்று ஆண்டுகளின் பலனை அழித்திருக்கக்கூடும்.

அடுத்ததாக, அறுவடையில் தப்பிய சிறு கிழங்குகள் அடுத்தடுத்த பருவங்களில் கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் நடுவே தாமாக முளைக்குமே, அவற்றைப் பிடுங்கினீர்களா? நான் முதல் சுற்றில் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பயிர்ச்சுழற்சி செய்கிறோம் என்ற நிம்மதியில் இருந்தேன். நிலத்திலோ ஒவ்வோர் ஆண்டும் சிதறலாக உருளைக்கிழங்கு வளர்ந்துகொண்டேதான் இருந்தது. இப்போது அவற்றில் பெண் புழுக்கள் முதிர்வதற்கு முன்பே கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுகிறேன். கடுமையான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை என்பது என் அனுபவம்.

பதில் 3 (பயிர் இனவிருத்தித் துறை மாணவி)

எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தை நடுவதற்கு முன், எந்த இனப் புழு என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இவை இரண்டு இனங்கள். குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸின் பெண், பழுப்பாக மாறுவதற்கு முன் பொன்மஞ்சள் நிறம் கொள்ளும். குளோபோடெரா பாலிடாவின் பெண் வெண்மையாக இருந்து நேராகப் பழுப்பாகும். 1970களின் தொடக்கம் வரை இரண்டையும் ஒன்றாகவே கருதினார்கள். ஆண்டிஸ் மலைப்பகுதியின் உருளைக்கிழங்கிலிருந்து பெறப்பட்ட ஹெச்1 என்ற மரபணு, முதல் இனத்தின் சில வகைகளை மட்டுமே தடுக்கும். 1966இல் வெளியான ‘மாரிஸ் பைப்பர்’ ரகம் அந்த மரபணுவோடு பிரிட்டனில் மிகப் பரவலாகப் பயிரிடப்பட்டது. பொன்னிறப் புழு அடங்கியது. கலந்திருந்த பாலிடா தடையின்றிப் பெருகி, இன்று அங்கே பெரும் தொல்லையாக நிற்பது அதுதான். நம்பி நட்ட ரகமே மற்றோர் இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டது என்பது எங்கள் துறையில் மறக்கக்கூடாத நிகழ்வு.

எதிர்ப்புத்திறனையும் தாங்குதிறனையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். எதிர்ப்புத்திறன் புழுவைப் பெருகவிடாது. தாங்குதிறன் மட்டும் உள்ள ரகம் தாக்குதலை மீறி விளைச்சலைத் தரும்; ஆனால் கண்ணுக்குப் பயிர் நன்றாக இருக்கும்போதே மண்ணில் முட்டைகளைக் குவித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

அறிக்கையில் கூடுகளின் எண்ணிக்கை மட்டுமே இருந்தது. தானாக முளைத்த செடிகளை நாங்கள் பிடுங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணை மீண்டும் அனுப்பி, உயிருள்ள முட்டைகளையும் இனத்தையும் கேட்கப் போகிறேன். மண்ணை எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

பதில் 1 (நூற்புழுவியல் ஆய்வாளர்)

நான்கைந்து இடங்களில் மட்டும் எடுத்தால் போதாது. இப்புழு தானாக மண்ணில் நகரும் தூரம் மிகக் குறைவு. கலப்பை இழுத்த திசையில்தான் அதன் திட்டுகள் நீளும். ஆகவே உழவுத் திசைக்குக் குறுக்காக நடந்து, நிலம் முழுவதிலும் சிறிது சிறிதாகப் பல பத்து இடங்களில் எடுத்துக் கலக்குங்கள். முன்பு பயிர் குட்டையாக இருந்த இடங்களின் மண்ணைத் தனிப் பையில் வையுங்கள். அந்த மூலையில் வேலை செய்த மண்வெட்டியையும் காலணியையும் கழுவிய பிறகே மற்ற பகுதிக்குச் செல்லுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு பிடி மண்ணில் ஒரு கூடு இருந்தாலும் அது புதிய திட்டின் தொடக்கமாகிவிடும். இனம் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். எந்த ரகம் என்பதை அதன்பின் பேசலாம்.