லாரி எல்லையில் நிற்கிறது, ஐ.நா. ஏன் உள்ளே போவதில்லை?

பெரம்பூர்வாசி:
சூடான் செய்தி படித்தாலே எரிச்சலாக வருகிறது. 2024ல் உள்நாட்டுப் போரில் சூடானின் மேற்கே தார்ஃபூர் ஜனங்கள் பட்டினி கிடக்க, சாட் நாட்டு எல்லையில் ஆத்ரே கடவை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கடவைக்கு அந்தப் பக்கம், சூடானுக்குள் இருந்தது ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடும் ஆர்எஸ்எஃப் துணைப்படை. அப்படியிருக்க, அப்போது எங்கேயோ போர்ட் சூடானில் இருந்த ராணுவ அரசிடம் ஐ.நா. எதற்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டும்? 1987ல் யாழ்ப்பாணத்தில் இந்தியா யாரைக் கேட்டு விமானத்திலிருந்து நிவாரண மூட்டை போட்டது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜாஜி சாலை:
சென்னைத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வக்கீல் இல்லை. இடத்தில் குடியிருப்பவன் ஒருத்தன், பட்டா இன்னொருத்தன் பேரில் என்றால் தாலுகா ஆபீஸ் யாரைக் கூப்பிடும்? அதே கதைதான். ஐ.நா.வில் சூடானின் நாற்காலி ராணுவ அரசிடம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடு உதவி என்பது 1991லேயே பொதுச்சபை போட்ட தீர்மானம். பிப்ரவரி 2024ல் அந்த அரசு ஆத்ரேயை அடைத்துவிட்டு, வடக்கே டினே என்ற இன்னொரு கடவை வழியாகப் போங்கள் என்றது. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் லாரி நகராது. தார்ஃபூரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று உறுதியான பிறகு, ஆகஸ்டில்தான் ஆத்ரே திறந்தது. அதுவும் முதலில் மூன்றே மாதத்துக்கு.

1987 கதை வேறு. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள், காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். போட்டது சுமார் 25 டன். பெரிய லாரி இரண்டில் ஏற்றிவிடலாம். யாழ்ப்பாணத்துக்கு அது எத்தனை வேளைக்குக் காணும்? கொழும்புக்குச் சேதி சொல்லத்தான் போட்டார்கள். அடுத்த மாதக் கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெரம்பூர்வாசி:
சரி, பாதுகாப்பு சபை நினைத்தால்?

கன்னிமாரா வாசகி:
ஒருமுறை நினைத்தது. 2014 ஜூலையில் தீர்மானம் 2165. சிரியா அரசைக் கேட்காமலே, தகவல் மட்டும் சொல்லிவிட்டு நான்கு எல்லைக் கடவைகள் வழியாகப் போகலாம் என்றது. அப்புறம் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் பேரம். 2020 ஜூலைக்குள் துருக்கி எல்லையில் உள்ள பாப் அல்-ஹவா ஒன்றுதான் மிச்சம். 2023ல் அதையும் ரஷ்யா வீட்டோ போட்டு நிறுத்தியது. காரணமில்லாமல் சம்மதத்தை மறுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். மறுத்தது நியாயமா என்று அவசரத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஆள் எங்கே?

முல்லை:
நான் இப்ப போரூரில் இருக்கிறேன், ஊர் வன்னி. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டு ஐ.நா. வெளிக்கிடேக்க, போகாதையுங்கோ என்று சனம் அவையின்ர வாசலில் நின்று கெஞ்சினது. செஞ்சிலுவை மட்டும் மிஞ்சினது. 2009 பெப்ரவரியில் இருந்து புதுமாத்தளனில் காயக்காரரைக் கப்பலில் ஏத்தினவை. கப்பல் கரைக்கு வராது. சின்னப் படகில் கிடத்தி, அலைக்குள்ளால கொண்டுபோய்த்தான் ஏத்த வேணும். அதுக்கும் ஆமி, புலி ரெண்டு பக்கமும் ஓம் சொல்ல வேணும்.

ராஜாஜி சாலை:
முல்லை அம்மா சொன்னதும் 'கேப்டன் அலி' கப்பல் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பிய சாமான். போர் முடிந்த அடுத்த மாதம் கடற்படை அதைச் சோதித்துத் திருப்பிவிட, சரக்கு சென்னையில் இறங்கியது. எங்கள் லைனில் அன்றைக்கு அதே பேச்சு. டெல்லி பேசி கொழும்புக்கு அனுப்பிவைத்தது. அங்கேயும் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. வவுனியா பக்கம் மெனிக் பாம் முகாமில் வன்னி ஜனம் அடைபட்டிருந்த நேரம் அது. எங்கள் தொழிலில் சரக்கை அழுக வைக்கத் துப்பாக்கி வேண்டாம், ஒரு கையெழுத்தை இழுத்தடித்தால் போதும்.

பெரம்பூர்வாசி:
அப்போ ஊர் யார் கையில் இருக்கிறதோ அவனிடமே கேட்டால் என்ன?

கன்னிமாரா வாசகி:
கேட்கிறார்கள். செஞ்சிலுவையின் பிழைப்பே இரு தரப்போடும் பேசுவதுதான், ஜெனீவா ஒப்பந்தங்களின் பொது விதி 3 அதற்கு இடம் தருகிறது. சூடானில் ராணுவத்துக்கு ஒரு நிவாரண ஆணையம், ஆர்எஸ்எஃப்புக்குத் தனியாக ஒரு அலுவலகம். லாரிக்காரன் இரண்டு இடத்திலும் தாள் வாங்க வேண்டும். அங்கே வாங்கிய தாளைக் காட்டினால் இங்கே முறைப்பார்கள்.