கோர்ட்டுக்குப் போய் வரும் கைதியை நிர்வாணமாக்கித்தான் சோதிக்க வேண்டுமா?

முதுநகர் அக்கா:
என் தம்பி விசாரணைக் கைதி. வாய்தாவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் சிறை வாசலில் வரிசையாக நிறுத்தி, உள்ளாடை வரை அவிழ்க்கச் சொல்லி, எல்லார் எதிரிலும் உட்கார்ந்து எழச் சொல்கிறார்களாம். மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாவிடம் சொல்லாதே அக்கா" என்றான். எந்தச் சிறை என்று எழுத மாட்டேன். அவன் அங்கேதான் இருந்தாக வேண்டும். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

ஓய்வுபெற்ற வார்டர்:
உங்கள் வேதனை புரிகிறது அம்மா. ஆனால் கோர்ட் வளாகத்தில் கைதியின் கைக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. கஞ்சா, சிம் கார்டு, பிளேடுத் துண்டு எல்லாம் பீடிக்கட்டுக்குள் வரும், செருப்பு அட்டைக்குள் வரும், உடம்புக்குள்ளும் வரும். 2022 ஆகஸ்டில் கடலூர் மத்திய சிறை உதவி ஜெயிலர் வீட்டில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்களே, மறந்துவிட்டதா? கைதியிடம் செல்போன் பிடித்த பகை என்றுதான் செய்தி வந்தது. சோதனையைத் தளர்த்தச் சொல்பவர்கள் அந்தக் குடும்பத்தையும் நினைக்க வேண்டும்.

கெடிலக்கரை:
தப்பு செய்யாமலா உள்ளே போனான்? மானம் பார்ப்பவன் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

முதுநகர் அக்கா:
வழக்கே இன்னும் முடியவில்லை ஐயா. நம் நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் எத்தனை பேர் நிரபராதி என்று விடுதலையாவார்கள்? அன்றைக்கு இந்த மானத்தை யார் திருப்பித் தருவார்கள்?

புதுவை வழக்குரைஞர்:
சோதனையே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 52ஆவது விதியைப் பாருங்கள். ஆடை களையும் சோதனை தவிர்க்கவே முடியாத நிலையில் மட்டும். அதுவும் மறைவில், அதே பாலினத்தைச் சேர்ந்த, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். உடலுக்குள் சோதிப்பது முதன்மையாக மருத்துவரின் வேலை. வரிசையில் நிற்க வைத்து அவிழ்க்கச் சொல்வது இதில் எதில் அடங்கும்? போன் மதிலுக்கு மேலே வீசியும் வருகிறது, காக்கிச் சட்டைக்குள்ளும் வருகிறது. அதற்கெல்லாம் விசாரணைக் கைதியின் கோவணத்தையா அவிழ்ப்பது?

ஓய்வுபெற்ற வார்டர்:
காக்கி மீது பழி போடுவது சுலபம். மாலையில் வழிக்காவல் வேன் வந்து நின்றால் இருபது பேர் இறங்குவார்கள், வாசலில் நாங்கள் இரண்டு பேர். ஒவ்வொருவராகத் தனியறைக்கு அழைத்துப் போனால் கைதிகளை அறையில் வைத்துப் பூட்டும் லாக்கப் நேரம் தாண்டிவிடும். ஸ்கேனர் கொடுங்கள், ஆள் கொடுங்கள், பிறகு விதியைப் பேசுங்கள்.

புதுவை வழக்குரைஞர்:
ஆள் கொடுக்க வேண்டியது அரசு. அது கொடுக்காத குறைக்குக் கைதி ஏன் அம்மணமாக நிற்க வேண்டும்? ஒரு மறைப்புத் திரை கட்ட என்ன செலவாகும்?

அக்கா, திகார் சிறையில் சக கைதிக்கு வார்டர் இழைத்த கொடுமையைச் சுனில் பத்ரா என்ற கைதி ஒரு கடிதத்தில்தான் எழுதினார். உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. தம்பியை அடுத்த வாய்தாவில் நீதிபதியிடமே நேரில் சொல்லச் சொல்லுங்கள், பதிவு செய்யவும் கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற வார்டர்:
சோதனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அம்மா, சிறைக்கு நேரடியாக எழுதாதீர்கள், அன்று மாலையே உள்ளே தெரிந்துவிடும். இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கொடுங்கள்.