நாற்பதை நெருங்கிக் களத்தில் இறங்கியவர்களே, எதிரே முதல் ஆள் நின்றபோது என்ன ஆயிற்று?

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

சிலம்பம், கராத்தே, ஜூடோ, எதுவாக இருந்தாலும் சரி. வேலை, குடும்பம், தொப்பை எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளப் போனவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. தனியாக நின்று பழகிய கதை வேண்டாம். முதன்முதலாக எதிரே ஒருவர் வந்து நின்றாரே, அப்போது உங்களுக்கு என்ன நடந்தது? கேட்டவன் நான் என்பதால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், வயது 44. மகளைச் சிலம்ப வகுப்பில் விட வந்தவன், வெளியே பைக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆசான் உள்ளே கூப்பிட்டுவிட்டார். ஆரம்பத்தில் கம்பே கையில் கிடையாது, வெறும் சுவடுதான். முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால், திரும்பு, மறுபடி முதலிலிருந்து. பள்ளிப் பிள்ளைகள் இதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நமக்கு இடது கால் எது என்பதே சந்தேகமாகிவிடும். அப்புறம் கம்பு வந்தது. கம்பு சுழலும்போது 'விர்'ரென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அது வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு மிதப்பு. கடையில் பிவிசி பைப்பை எடுத்துச் சுற்றி, மேலே இருந்த டியூப் லைட்டை உடைக்கும் அளவுக்கு மிதப்பு.

அந்த நேரம் பார்த்து ஆசான் தொடுமுறைக்கு நிறுத்தினார். எதிரே ஒன்பதாவது படிக்கும் பையன். தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் இருவருக்கும் உண்டு. கம்பின் முனை உடம்பில் தொட்டால் புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். வணக்கம் வைத்தோம். பையன் கம்பை அசைத்தான். எனக்கு அடுத்து நினைவிருப்பது முட்டியில் ஒரு தட்டு, தோளில் ஒரு தட்டு, பிறகு பையனின் குரல்: "அங்கிள், கண்ணை மூடாதீங்க."

உண்மையாகவே மூடியிருந்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் மூடியிருந்தேன். முகத்தை நோக்கி ஏதாவது வந்தால் இமை தானாக மூடும், உடம்பின் இயல்பு அது. ஆனால் நான் இமைக்கவில்லை, இறுக மூடிக்கொண்டு அடி முடியட்டும் என்று காத்திருந்தேன். ஆசான் சிரிக்கவில்லை. "கம்பு முனையப் பாக்காதீங்க, அது கண்ணுக்குச் சிக்காது. தோளப் பாருங்க" என்றார். யோசித்தால் சரிதான். கையில் ஒரு சாண் நகர்ந்தால் முனை பல அடி போகிறது, அந்த வேகத்தை எந்தக் கண்ணும் பின்தொடர முடியாது. தோளும் இடுப்பும் கம்புக்கு முன்னால் அசையும். அங்கே பார்த்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் கண் திறந்திருக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்குப் பல மாதம் ஆனது.

இதில் என்ன வளர்ச்சி என்று கேட்பீர்கள். கடை பாக்கி கேட்கப் போகிற இடத்தில் எதிராளி குரலை உயர்த்தியதும் "சரிங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று திரும்புகிற ஆள் நான். வீட்டில் இதற்கு எனக்குப் பட்டப்பெயரே உண்டு. இப்போதெல்லாம் அவர் கத்தி முடிக்கும்வரை நிற்கிறேன், முகத்தைப் பார்த்தே நிற்கிறேன், பிறகு தொகையை மறுபடி சொல்கிறேன். பாக்கி எல்லாம் வசூலாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பாதி பேர் இன்னும் அடுத்த வாரம்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை இப்போது அவர்கள் வாயிலிருந்து வருகிறது.

உங்கள் கதை வரட்டும்.

பாலக்கோடு

அண்ணா, எனக்கு எதிரே நின்றது ஒரு அக்கா. மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. நான் பள்ளி ஆசிரியை, வயது 38. எங்கள் வகுப்பு விடியற்காலையில். தக்காளி வரத்து அதிகமான நாட்களில் ராயக்கோட்டை ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை ஓட்டி வருவதே ஒரு தற்காப்புக் கலைதான். "இந்த வயசுல கம்பு சுத்தி யார அடிக்கப் போற?" என்று மாமியார் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல்தான் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் நாள் நாங்கள் இருவரும் அடிக்கவே இல்லை. தப்பித் தவறி அவர் கம்பு என் கையில் பட்டால் "ஐயோ டீச்சர், பட்டுடுச்சா?" என்பார். என் கம்பு அவர் மேல் பட்டால் நான் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தடவிவிடுவேன். சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாரி கேக்கறதுக்குன்னு ஏதாவது தனி வரிசை இருக்குதாம்மா?" (சிலம்பத்தில் வரிசை என்றால் அடுத்தடுத்துச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு.)

அதற்குப் பிறகு அவர் ஒரு விதி போட்டார். படவில்லை என்றால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்க வேடிக்கைதான், ஆனால் எனக்கு அது ரொம்ப நாள் மண்டையில் ஓடியது. நான் அரைமனதாக வீசினால் அந்த அக்காவுக்குத் தடுப்பே பழகாது. தொடாத இடத்தில் வீசி அவரை நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கவசம் போட்டு, வணக்கம் வைத்து, ஒப்புக்கொண்டு நிற்கிறவரிடம் நேராக வீசுவதுதான் மரியாதை. இது ஏன் பெண்களுக்கு மட்டும் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவு ஆகிவிடும்.

உடை பற்றிக் கேட்பவர்களுக்கு: சுடிதாரே போதும், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.

இன்னொன்று. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு வருடாவருடம் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். அங்கே இருக்கும் நடுகற்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆநிரை மீட்டுச் செத்த வீரன், கையில் ஆயுதம், மேலே எழுத்து, அவ்வளவுதான் பாடம். இந்த முறை போனபோது நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, எடை எங்கே இருக்கிறது என்று சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. "மிஸ், லேட்டாகுது" என்று பிள்ளைகள் கூப்பிட வேண்டியதாயிற்று.

ஓசூர்

நான் கராத்தே. சிப்காட்டில் ஷிப்ட் வேலை. 36 வயதில் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு, ஏழு வயதுப் பச்சை பெல்ட்டுக்குக் குனிந்து வணக்கம் சொல்லும் சுகமே தனி.

என் பிரச்சினை கண் இல்லை, மூச்சு. குமித்தேவில், அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சியில், எதிரே நின்றவன் எங்கள் லைனிலேயே வேலை பார்க்கும் தம்பி, 22 வயது இருக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவன் என்னைச் சரியாக ஒரு குத்துகூடக் குத்தவில்லை. ஆரம்பத்திலிருந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். பயிற்சியாளர் கண்டுபிடித்துவிட்டார், ஏனென்றால் நான் கத்துவதில்லை. கராத்தேயில் குத்தும்போது கியாய் என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். கத்தினால் மூச்சு வெளியே போயே ஆக வேண்டும், வயிறு இறுகும், குத்திலும் பலம் இறங்கும். காரணம் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் வளர்ந்த ஆள் எப்படிங்க கத்துவது? வீட்டில்கூடக் குரல் உயர்த்தாத குடும்பம் எங்களுடையது. முதல் தடவை ஒழுங்காகக் கத்தியபோது எனக்கே அந்நியக் குரல் போல இருந்தது. அந்தத் தம்பி ஓர் அடி பின்னால் போனான். அன்று முழுக்க எனக்கு நல்ல பசி.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் பெல்ட் பரீட்சை என்று அடிக்கடி பணம் கேட்டார்கள். கடா, அதாவது தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொகுப்பு, ஒழுங்காக வராத எனக்கே அடுத்த கலர் கொடுத்தார்கள். கலர் பெல்ட்டெல்லாம் பின்னால் வந்த ஏற்பாடு. ஆரம்பகால ஒகினாவா கராத்தேயில் பெல்ட்டே கிடையாது. ஜூடோவை 1882-ல் தொடங்கிய ஜிகோரோ கானோ வைத்த தரமுறையைத்தான் கராத்தேக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். அதனால் பெல்ட் சீக்கிரம் கிடைக்கிற இடத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். நைட் ஷிப்ட் முடித்த கையோடு குமித்தேவுக்குப் போகாதீர்கள். தூக்கமில்லாத உடம்புக்கு அடி வருவது தாமதமாகத்தான் தெரியும்.

பென்னாகரம் பக்கம்

எனக்கு 58. என் கதை கொஞ்சம் வேறு. சின்ன வயசில் கற்று, விட்டு, இப்போது மறுபடி எடுத்தவன்.

எங்கள் காலத்தில் வகுப்பு, பீஸ் என்று எதுவும் கிடையாது. அறுப்பு முடிந்து களம் காலியாகிவிட்டால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பழகுவோம். வெற்றிலை பாக்கு வைத்துத் தட்சணை கொடுத்துச் சேர வேண்டும். ஆசானுக்கு யார் மேல் நம்பிக்கை வருகிறதோ அவனுக்குத்தான் அடுத்த வரிசை. கோபக்காரப் பையன்களை வருஷக்கணக்கில் சுவட்டிலேயே நிறுத்தி வைப்பார். நானும் ரொம்ப நாள் சுவட்டில் நின்றவன்தான். பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதோடு எல்லாம் போயிற்று.

திரும்பி வந்த பிறகு ஊர் மாரியம்மன் திருவிழாவில் கூடப் பழகினவனைப் பார்த்தேன். இளவட்டங்கள் தீப்பந்தம் சுற்றி முடித்ததும் யாரோ எங்கள் இருவர் கையிலும் கம்பைத் திணித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. வீசத் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் வணக்க வரிசை ஆரம்பித்ததும் கால் போகிறது. கை அடுத்தது எதுவென்று தடுமாறுகிறது, கால் அது பாட்டுக்குப் போகிறது. அவனுக்கும் அப்படியே. வேகம் கிடையாது, ரெண்டு பேருக்கும் முட்டி வலி. ஊர் ஜனம் கை தட்டியதில் பாதி பரிதாபம் என்று எனக்குத் தெரியும். மறுநாளே ரெண்டு பேரும் கம்பு வெட்டப் போய்விட்டோம்.

கிருஷ்ணகிரித் தம்பிக்கு ஒன்று. பையனோடு நின்றது சரி, ஆனால் அதையே பழக்கமாக்காதீர்கள். பெரிய ஆள் தடுமாறி வீசினால் வரும் கனம் அந்த வயசுப் பிள்ளை தாங்கக்கூடியது அல்ல. வயசுக்கும் எடைக்கும் ஒத்த ஆளாகப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் ஆசானிடமே அடி வாங்குங்கள்.

இப்போது சிலம்பத்துக்கு மவுசு கூடியிருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் செய்து காட்டும் (டெமோ) விளையாட்டாகவும் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு என்று போட்டிக்கு எது வேண்டுமோ அதை மட்டும் சொல்லித்தந்து, எதிராளியை மடக்கும் பூட்டும், அதிலிருந்து விடுபடும் பிரிவும் தெரியாமலே அனுப்பிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. நாற்பது வயசுக்காரனுக்குச் சான்றிதழ் எதற்கு? அவசரமே இல்லாத மாணவன் அவன் ஒருத்தன்தான். ஆசானை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேளுங்கள்.

காவேரிப்பட்டினம்

நான் பாதியில் விட்டவன், அதையும் யாராவது எழுத வேண்டுமே. எதிரே ஆசானே நின்றார். பயமாக இருந்தது. பழகினால் போகும் என்றார்கள், போகவில்லை. கூடவே தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே வலி. கொத்தனார் வேலைக்குத் தோள்தான் சோறு, அதனால் நிறுத்திவிட்டேன். இப்போது சாயங்காலம் கேஆர்பி அணைப் பக்கம் நடக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் ஒத்துவர வேண்டும் என்று இல்லையே.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

பென்னாகரம் ஐயா, நீங்கள் சொன்னது சரி. எங்கள் ஆசானும் அதற்குப் பிறகு என்னை ஒரு லாரி ஓனரோடு சேர்த்துவிட்டார். அவர் என்னைவிடப் பத்துக் கிலோ கூடுதல், அடி ஒவ்வொன்றும் கணக்காக விழுகிறது.

காவேரிப்பட்டினம் நண்பரே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. தோள் விஷயத்தில் இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். கம்பைத் தலைக்கு மேல் சுற்றுவதைப் பெரியவர்கள் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் மணிக்கட்டும் தோளும் சூடாகியிருக்கட்டும்.

அரூர்

எனக்கு 46. அடுத்த வாரம் சேரப் போகிறேன். எதிரே ஆள் நிற்க இன்னும் நாள் இருக்கிறது என்று தெரிகிறது. கம்பு மட்டும் வாங்கிவிடலாமா? என்ன பார்த்து வாங்குவது?

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

அரூர் நண்பரே, முதலில் ஆசானைக் கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பொதுவாகச் சொன்னால், கம்பை நிமிர்த்தி உங்கள் பக்கத்தில் நிறுத்தினால் நெற்றி மட்டத்துக்கு வர வேண்டும். நம் உயரத்துக்கு ஐந்தரை அடி சுமாராக வரும். மூங்கிலில் கல்மூங்கில்தான் உறுதி, உள்ளே துவாரம் சின்னதாக இருக்கும். ஆனால் மூங்கில் வெடித்தால் சிலாம்பு கிளம்பும், கையில் ஏறினால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். பிரம்பு அப்படிச் சிதறாது, கொஞ்சம் வளையும். ஆரம்பத்துக்கு எடை குறைந்த பிரம்பே போதும் என்பது என் எண்ணம். மூங்கில்தான் வேண்டும் என்று ஆசான் சொன்னால் தரையில் உருட்டிப் பாருங்கள், கோணல் தெரிந்துவிடும். கணுவுக்குக் கணு விரலை ஓட்டிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வேண்டாம்.

பளபளவென்று வார்னிஷ் அடித்து விற்பதை வாங்காதீர்கள், வியர்த்த கையில் அது வழுக்கும். வாங்கி வந்ததும் கணுக்களையும் இரண்டு முனைகளையும் 80 நம்பர் மணல்தாளில் தேய்த்து, பிறகு 120 போட்டு இழையுங்கள். எண்ணெய் துணியில் தொட்டு ஒரு தடவை துடைத்தால் போதும். ஒரு ராத்திரி நிழலில் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.