புதுப்பிப்பு: இளம் ஆசிரியருக்கான அறக்கட்டளை இருக்கை

நாகர்கோவிலில் நாங்கள் படித்த கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தருவதா, இளம் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு அறக்கட்டளை இருக்கை (நன்கொடை நிதியின் வருவாயால் ஆதரிக்கப்படும் ஆசிரியர் பொறுப்பு) ஏற்படுத்துவதா என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன். இருக்கையே போதும் என்று பழைய மாணவர்கள் முடிவு செய்துவிட்டோம்.

மூலதனத்தைத் தொடாமல் அதன் வருவாயிலிருந்து மட்டும் செலவிடுவதே இதன் அடிப்படை. 1 கோடி ரூபாய் 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 7 லட்சம் தரும். விலைவாசி உயர்வை ஈடுகட்ட 3 லட்சத்தை மூலதனத்திலேயே சேர்த்துவிட்டால், 4 லட்சம் மிஞ்சும். மணக்குடிக் காயலின் அலையாத்திச் சேற்றில் நுண்ணுயிர்களைத் தேடும் ஒருவர், மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத் திருவனந்தபுரத்துக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பும் செலவையும், தம் பாடவேளைகளில் சிலவற்றை ஏற்கும் கௌரவ விரிவுரையாளருக்கான ஊதியத்தையும் இதிலிருந்தே எடுக்கலாம். இரண்டாவதுதான் முக்கியம் என்பேன். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே ஆய்வுக் கட்டுரை எழுதுவது எளிதன்று.

மூத்தவருக்கே தர வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். ஆனால் ஹென்றி லூக்காஸ் விட்டுச்சென்ற கொடையால் 1663-இல் கேம்பிரிட்ஜில் உருவான கணித இருக்கையை 1669-இல் ஏற்றபோது நியூட்டனுக்கு வயது 26 தான் (நம் ஊரில் அவரது ஆப்பிள் மட்டுமே பிரபலம்). ஆயினும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இளம் ஆசிரியர்களுக்குச் செய்வதுபோல, ஆயுள் பதவியாக்காமல் 3 ஆண்டுத் தவணையாக வைக்கிறோம். தேர்வுக் குழுவில் நன்கொடையாளர் எவரும் இடம்பெற மாட்டார். பத்திர வரைவு இப்போது வழக்கறிஞரிடம் இருக்கிறது.